அடுத்த சீசனின் எழுச்சி வீரர் யார்? மைனர் லீக் பேஸ்பாலில் முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2012 கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில், மேஜர் லீக் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் கீழ்நிலை (மைனர் லீக்) அணிக்காக 19 வயது இளைஞர் ஒருவர் 71 ஆட்டங்கள் ஆடினார். பேட்டிங் சராசரி .267, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 267 ஹிட். ஹோம் ரன் (சிக்ஸர்போல வேலியைத் தாண்டும் அடி) ஒன்றுகூட இல்லை. முந்தைய ஆண்டு டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஐந்தாம் சுற்றுவரை யாரும் அவரைத் தொடவில்லை. பட்டியல் போடுபவர்கள் அவரைத் தாண்டிப் போனதில் வியப்பில்லை. ஆனால் அதே தாளில் இன்னொரு வரி இருந்தது: அவர் ஸ்டிரைக்கவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) ஆனதைவிட வாக் (நான்கு கெட்ட பந்துகளை அடிக்காமல் விட்டு இலவசமாக முதல் தளம் பெறுவது) வாங்கியது அதிகம். அடுத்த ஆண்டு இரண்டு நிலைகளில் ஆடி .314 சராசரி, 15 ஹோம் ரன், 38 திருட்டுத் தளங்கள் (பந்து போடும் நேரத்தில் ஓடிப் பிடித்தவை) என்று நிமிர்ந்தார். 2018இல் அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குத்தான். மூக்கி பெட்ஸ்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வரியின் விரிவுரைதான். இளம் வீரரிடம் இல்லாதது என்ன என்பதைப் பட்டியலிட யாராலும் முடியும். அந்த இல்லாத ஒன்று, வயதாலும் பயிற்சியாலும் வரக்கூடியதா என்று கேட்பவர்தான் முந்திக்கொள்வார். பந்தைத் தொடும் கண்ணும் நல்ல பந்தையும் கெட்ட பந்தையும் பிரித்தறியும் நிதானமும் 20 வயதுக்குமேல் அபூர்வமாகவே கற்றுக்கொள்ளப்படுகின்றன. உடல் பலம் தானாகவே வரும். பிட்சரின் (பந்து வீசுபவரின்) ஃபாஸ்ட்பால் இயல்பிலேயே துள்ளினால் அது பெரும்பாலும் பிறவிச் சொத்து. பக்கவாட்டில் வளையும் ஸ்லைடரை ஒரே குளிர்காலத்தில் கற்றுத்தந்துவிடலாம். கற்றுத்தர முடியாதது கையில் இருந்து, கற்றுத்தரக்கூடியது மட்டும் குறையாக இருக்கும் வீரரைத் தேடுங்கள்.

படி 1: எதை எழுச்சி என்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் தொடங்கினால் ஆண்டு முடிவில் உங்களையே ஏமாற்றிக்கொள்வீர்கள். நீங்கள் சொன்ன வீரர் 12 ஹோம் ரன் அடித்திருந்தாலும் ‘பார்த்தீர்களா, சொன்னேனே’ என்று சொல்லத் தோன்றும்.

என் அளவுகோல் எளிமையானது. பேஸ்பால் அமெரிக்கா, எம்எல்பி பைப்லைன், ஃபேன்கிராஃப்ஸ் ஆகிய மூன்று வெளியீடுகளும் சீசனுக்கு முன்பு தங்கள் முதல் 100 இளம் வீரர்களை வரிசைப்படுத்துகின்றன. அந்த மூன்றிலும் இல்லாத ஒருவர், சீசன் முடிந்தபின் வெளியாகும் பட்டியல்களில் இரண்டிலாவது இடம்பிடித்தால் அது எழுச்சி. ஏற்கெனவே 60ஆம் இடத்தில் இருந்தவர் முதலிடத்துக்குப் போவதும் எழுச்சிதான். ஆனால் அது வேறு வகை. அதைக் கணிப்பது எளிது, அதனால் பெருமையும் குறைவு.

மைனர் லீக் எழுச்சியை மேஜர் லீக் வெற்றியோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. 2023 டிராஃப்டில் நான்காம் சுற்றில் வந்த கிறிஸ்டியன் கேம்ப்பெல், 2024இல் ரெட் சாக்ஸின் மூன்று நிலைகளைக் கடந்து .330 சராசரி, 20 ஹோம் ரன், 24 திருட்டுத் தளங்கள் எடுத்தார். பேஸ்பால் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த மைனர் லீக் வீரர் விருது அவருக்கு வந்தது. 2025 ஏப்ரலில் 8 ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம். ஜூனில் மீண்டும் மைனர் லீக்கின் மேல்நிலையான டிரிபிள்-ஏ. 2024இல் அவரைக் கணித்தவர் தோற்றுவிடவில்லை. அவர் கணித்தது மைனர் லீக் எழுச்சியை. மேஜர் லீக்கில் நிலைப்பது தனிக் கேள்வி.

படி 2: ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

2021இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு 30 மேஜர் லீக் அணிகள் ஒவ்வொன்றுக்கும் நான்கு முழு சீசன் அணிகள் உண்டு: டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. மொத்தம் 120. அவற்றுக்குக் கீழே அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் காம்ப்ளெக்ஸ் லீக்குகள் (அணிகளின் பயிற்சி வளாகங்களில் நடப்பவை), அதற்கும் கீழே டொமினிக்கன் கோடைக்கால லீக். அமெரிக்காவுக்குள் ஓர் அணி 165 வீரர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது 2024 முதல் உள்ள வரம்பு. ஆக, நீங்கள் சலிக்க வேண்டிய கூட்டம் சுமார் 5,000 பேர். இவர்களில் ஓராண்டில் உண்மையாக எழுபவர்கள் சில டஜன்.

வேட்டைக்கு உகந்த இடம் சிங்கிள்-ஏவும் ஹை-ஏவும். டிரிபிள்-ஏயில் இருப்பவரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். டொமினிக்கன் லீக்கில் 17 வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள். அங்கே எண்களை நம்பிப் பந்தயம் கட்டுவது பெரும்பாலும் வீண்.

படி 3: எந்த எண்ணுக்கும் முன்னால் பிறந்த தேதி

வயதைப் பார்க்காமல் மைனர் லீக் புள்ளிவிவரத்தைப் படிப்பதில் பயனே இல்லை. சிங்கிள்-ஏயின் சராசரி வயது சுமார் 21, டபுள்-ஏயில் சுமார் 24, டிரிபிள்-ஏயில் 26க்கு மேல். ரஞ்சி கோப்பையில் 18 வயதுப் பையன் 35 சராசரி வைத்திருக்கிறான், 28 வயதுக்காரர் 50 வைத்திருக்கிறார் என்றால் தேர்வாளர்கள் யார்மேல் கண் வைப்பார்கள் என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். இங்கும் அதே கணக்குதான்.

நடைமுறையில் நான் செய்வது: ஒவ்வொரு லீக்கிலும் 200 முறைக்குமேல் பேட் செய்ய வந்தவர்களை எடுத்து, லீக் சராசரியைவிட ஒன்றரை வயதாவது இளையவர்களை மட்டும் பிரித்துக்கொள்வேன். பிறகு அவர்களில் லீக்கின் சராசரி அளவுக்காவது அடித்தவர்களை வைத்துக்கொள்வேன். இளையவரின் ‘சராசரி’ ஆட்டமே சிறப்பான ஆட்டம். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் ஆடி 22 வயதில் சிங்கிள்-ஏயில் .330 அடிப்பவரைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர் அங்கே அடிக்கத்தான் வேண்டும்.

இன்னும் நுட்பமான வகை ஒன்று உண்டு: இளையவர், தடுமாறியவர். பால்டிமோர் அணி கனர் ஹெண்டர்சனை 2021இல் வேகமாக மேலே தள்ளியது. 20 வயதை எட்டும் பருவத்தில் ஹை-ஏயில் ஸ்டிரைக்கவுட்கள் குவிந்தன. எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அது சறுக்கல். மறு ஆண்டு டபுள்-ஏ பூயி (Bowie) அணியில் 47 ஆட்டங்களில் 41 வாக், 38 ஸ்டிரைக்கவுட். அந்த ஆண்டு முடிவதற்குள் மேஜர் லீக்கில் ஆடினார். 2023இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரர். தடுமாற்றத்துக்குக் காரணம் திறமைக்குறைவா, நிலை உயர்வா என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடினமான நிலைக்குப் போன முதல் இரண்டு மாதத்தையும் கடைசி இரண்டு மாதத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். தப்பும் பந்துகள் குறைந்துகொண்டே வந்திருந்தால் அவர் பெயர் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

எதிர்மறை விதி ஒன்று: ஒரே நிலையில் இரண்டாம் ஆண்டு ஆடி அசத்துபவருக்குப் பாதி மதிப்பெண் போதும்.

படி 4: பேட்டர்கள் — முதலில் தொடுதல், பிறகு பலம்

எந்த எண்ணை எவ்வளவு சீக்கிரம் நம்பலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆய்வாளர் ரஸ்ஸல் கார்ல்ட்டன் மேஜர் லீக் தரவுகளை வைத்துச் செய்த கணக்கில், ஸ்டிரைக்கவுட் விகிதம் சுமார் 60 முறை பேட் செய்ய வந்ததுமே ஓரளவு நம்பத்தக்கதாகிறது. வாக் விகிதத்துக்கு 120, ஹோம் ரன் விகிதத்துக்கு 170. களத்துக்குள் அடித்த பந்துகள் எத்தனை ஹிட்டாகின்றன என்ற விகிதத்துக்கோ ஏறக்குறைய 820 பந்துகள் தேவை. ஒரு முழு மைனர் லீக் சீசனில்கூட அத்தனை கிடைக்காது. சராசரி எண் .340 என்று மின்னும்போது அதில் எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பார்ப்பதற்கு இதுவே காரணம். களத்துக்குள் விழுந்த பந்துகளில் .400 ஹிட்டாகியிருந்தால், அடுத்த ஆண்டு அந்தச் சராசரி இருக்காது. .250 மட்டுமே ஹிட்டாகி, பந்தைத் தொடும் திறன் நன்றாக இருந்தால், அங்கேதான் மலிவான வாய்ப்பு ஒளிந்திருக்கிறது.

என் வரிசை இப்படி:

முதலில் ஸ்டிரைக்கவுட் விகிதம். கீழ்நிலைகளில் நாலில் ஒரு முறை ஸ்டிரைக்கவுட் என்பது சர்வ சாதாரணம். 18 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் இளையவரைப் பார்த்தால் நிற்கிறேன். அதோடு, மட்டையைச் சுழற்றித் தவறவிட்ட பந்துகளின் விகிதத்தை ஃபேன்கிராஃப்ஸில் சரிபார்க்கிறேன். சிலர் இரண்டு ஸ்டிரைக்குக்கு முன்பே எதையாவது தட்டிவிட்டு ஓடுவதால் ஸ்டிரைக்கவுட் குறைந்து தெரியும். அது கண்ணின் திறமையல்ல, அவசரம்.

இரண்டாவதாக வாக். இங்கே எச்சரிக்கை தேவை. சிங்கிள்-ஏ பிட்சர்களால் ஸ்டிரைக் போடவே முடிவதில்லை. சும்மா நின்றாலும் வாக் கிடைக்கும். 15 விழுக்காடு வாக் வாங்கும் ஒருவர் உண்மையில் பந்தைத் தேர்ந்தெடுக்கிறாரா, அடிக்கத் தயங்குகிறாரா என்பது காணொளி பார்த்தால்தான் புரியும். தயங்குபவரை டபுள்-ஏ விழுங்கிவிடும்.

மூன்றாவதாக, காத்திருக்கும் பலம். எழுச்சிகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. ஹோம் ரன் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பந்து மட்டையைவிட்டுப் புறப்படும் வேகத்தைப் பாருங்கள். ஓர் இளைஞர் மணிக்கு 110 மைல் வேகத்தில் ஒரு பந்தையாவது அடித்திருக்கிறார், ஆனால் பாதிக்குமேல் தரையோடு உருளுகின்றன என்றால், குறை கற்றுத்தரக்கூடியது. பந்தைச் சற்று முன்னால் சந்திப்பதும், தன் பக்கத்து மைதானத்தை நோக்கி உயர அடிப்பதும் பயிற்சியாளர்களின் அன்றாட வேலை.

இந்தத் தரவு எல்லா நிலைகளுக்கும் பொதுவெளியில் கிடைப்பதில்லை. பேஸ்பால் சேவன்ட் தளத்தில் டிரிபிள்-ஏவுக்கும், ஃபுளோரிடா ஸ்டேட் லீக் என்ற சிங்கிள்-ஏ லீக்குக்கும் கிடைக்கிறது. இரண்டாவதுதான் புதையல். டன்டீன், லேக்லேண்ட், டாம்பா, ஜூப்பிட்டர், கிளியர்வாட்டர், பிராடென்டன், ஃபோர்ட் மையர்ஸ், பாம் பீச், செயின்ட் லூசி, டேட்டோனா ஆகிய ஊர்களின் அணிகளில் ஆடும் 19, 20 வயதுப் பையன்களின் பெரும்பாலான பந்துகள் அளக்கப்பட்டு இலவசமாக நம் கண்முன் கிடக்கின்றன. மற்ற லீக்குகளுக்கு, உயர அடித்த பந்துகளின் விகிதம், இரட்டை ஹிட்டுகளின் (இரண்டாம் தளம்வரை ஓடவைக்கும் அடிகளின்) எண்ணிக்கை, உடல்வாகு என்று சுற்றி வளைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 19 வயதில் 30 இரட்டை ஹிட்டுகள் அடிப்பவரின் பந்துகளில் சில, தோள் அகலும்போது வேலிக்கு அப்பால் விழத் தொடங்கும்.

இந்தச் சல்லடைக்குத் தப்பும் பெரிய மீன்களும் உண்டு. எல்லி டி லா குரூஸை சின்சினாட்டி 2018இல் 65,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. பிறகு அவர் 6 அடி 5 அங்குலம் வளர்ந்தார். 2022இல் இரண்டு நிலைகளில் 28 ஹோம் ரன், 47 திருட்டுத் தளங்கள். ஸ்டிரைக்கவுட் விகிதம் அப்போதே 30 விழுக்காட்டுக்கு மேல். என் விதிப்படி அவர் பெயர் வந்திருக்காது. வேகம், கை பலம், மட்டை வேகம் மூன்றும் அசாதாரணமாக ஒரே உடலில் இருந்தால் விதியைத் தளர்த்துங்கள். ஆனால் விலையை மறக்க வேண்டாம்: 2024இல் மேஜர் லீக்கிலேயே அதிகமாக, 218 முறை ஸ்டிரைக்கவுட் ஆனவரும் அவர்தான்.

படி 5: மைதானத்தையும் பந்தையும் விதியையும் கழித்துப் பாருங்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியின் பிராண்டன் வுட் 2005இல் கலிஃபோர்னியா லீக்கில் 43 ஹோம் ரன் அடித்தார். அந்தக் காலத்தில் அந்த லீக் பேட்டர்களின் சொர்க்கம்: வறண்ட காற்று, வெளிப்பக்கம் வீசும் பாலைவனக் காற்று. நாடே பேசிய அந்த இளைஞரின் மேஜர் லீக் கணக்கு 272 ஆட்டங்களில் .186 சராசரியும் 18 ஹோம் ரன்னும். அவர் வீழ்ச்சிக்கு மைதானம் மட்டும் காரணமில்லை. 2005இலேயே ஸ்டிரைக்கவுட்கள் மலைபோல இருந்தன. ஹோம் ரன் வெளிச்சத்தில் அதை யாரும் பார்க்க விரும்பவில்லை.

இன்றும் அதேபோன்ற இடங்கள் உண்டு. பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்கியும் ரீனோவும் உயரமான நிலப்பகுதிகள். பந்து பறக்கும், வளையும் பந்து வளைய மறுக்கும். டெக்சாஸ் லீக்கில் அமரில்லோ அப்படித்தான். ஆஷ்வில்லில் வலப்பக்க வேலி சுமார் 300 அடியில் நிற்கிறது, இடக்கை பேட்டர்களுக்குத் திருவிழா. மறுபக்கம் ஃபுளோரிடா ஸ்டேட் லீக்: கனத்த ஈரக்காற்று, மேஜர் லீக் அணிகளின் வசந்தகாலப் பயிற்சிக்காகக் கட்டிய பெரிய மைதானங்கள். அங்கே 9 ஹோம் ரன் அடித்த பையன் அடுத்த ஆண்டு வேறு லீக்கில் 20 அடித்தால் அது அதிசயமல்ல. சொந்த மைதானம், வெளி மைதானம் என்று எண்களைப் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

மைனர் லீக் ஒரு சோதனைக்கூடமும்கூட. 2023 முதல் பாதியில் சதர்ன் லீக்கில் பிடிமானப் பூச்சு முன்கூட்டியே பூசிய பந்துகளைப் பயன்படுத்தினார்கள், ஸ்டிரைக்கவுட்கள் எகிறின. இரண்டாம் பாதியில் பழைய பந்துக்குத் திரும்பினார்கள். முழு ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தவர், சில பேட்டர்களைத் தேவையில்லாமல் கழித்துவிட்டிருப்பார். சில பிட்சர்களைத் தேவையில்லாமல் தலையில் வைத்திருப்பார். அதே 2023இல் டிரிபிள்-ஏ முழுவதும் இயந்திரத்தின் மூலம் ஸ்டிரைக் தீர்மானிக்கும் முறை வந்தது. வாக் விகிதங்கள் வீங்கின. ஒவ்வோர் ஆண்டும் எந்த லீக்கில் என்ன சோதனை நடந்தது என்று சீசன் தொடக்கத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள்.

படி 6: பிட்சர்கள் — ரன் கணக்கை மூடி வையுங்கள்

மைனர் லீக்கில் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தரும் சராசரி ரன்) என்பது பிட்சரைப் பற்றிச் சொல்வதைவிட, அவருக்குப் பின்னால் நின்ற 20 வயது ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரைப் பற்றி அதிகம் சொல்லும். பார்க்க வேண்டியது ஸ்டிரைக்கவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்தால் வரும் எண். 20 விழுக்காட்டுக்குமேல் என்றால் கவனிக்க வேண்டியவர். 25க்குமேல் என்றால், அவர் ஏன் இன்னும் முதல் 100இல் இல்லை என்று விசாரியுங்கள்.

சில நேரம் அந்த எண் ஒளிந்திருக்காது, கத்தும். டாரிக் ஸ்கூபலைக் கல்லூரி நாட்களில் நடந்த முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டெட்ராய்ட் 2018இல் ஒன்பதாம் சுற்றில் எடுத்தது. 2019இல் டபுள்-ஏ ஈரி அணிக்கு அவர் போட்டது 42⅓ இன்னிங்ஸ், ஸ்டிரைக்கவுட் 82. இன்று அவர் கையில், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுகள் இரண்டு. அந்த எழுச்சிக்கு முந்தைய ஆண்டிலேயே அவரைப் பிடித்திருக்க என்ன வழி? இடக்கை, வேகம், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான முதல் முழுத் தொழில்முறை ஆண்டு நெருங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்த பெயர்களைத் தனிப் பட்டியலாக வைத்திருங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வேகம் முதலில் திரும்பும். கட்டுப்பாடு பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான் திரும்பும். அந்த இடைவெளியில்தான் மதிப்பு மலிவாகிறது.

ஸ்பென்சர் ஸ்டிரைடர் கதையும் அதே குடும்பம். 2019இல் அறுவைச் சிகிச்சை. 2020இல் பெருந்தொற்றால் கல்லூரி சீசன் நின்றுபோனது, போட்டது 12 இன்னிங்ஸ் மட்டுமே. அணிகள் அவரைப் போதுமான அளவு பார்க்கவே இல்லை. அட்லாண்டா நான்காம் சுற்றில் எடுத்தது. 2021இல் சிங்கிள்-ஏயில் தொடங்கி அதே ஆண்டு மேஜர் லீக். 2022இல் 131⅔ இன்னிங்ஸில் 202 ஸ்டிரைக்கவுட். வீரர் போதிய அளவு பார்க்கப்படவில்லை என்பது அவரைத் தேட நல்ல காரணம். நோய், காயம், ரத்தான சீசன், தாமதமான விசா — காரணம் எதுவானாலும் சரி.

ஃபாஸ்ட்பாலைப் பற்றி ஒரு சொல். வேகம் எல்லோருக்கும் தெரியும். கோணம்தான் பலருக்குத் தெரிவதில்லை. உயரம் அதிகமில்லாத பிட்சர் தாழ்வான இடத்திலிருந்து விட்டு, ஸ்டிரைக் பகுதியின் மேல்விளிம்பில் போட்டால், பந்து விழாமல் மிதந்து வருவதுபோல பேட்டருக்குத் தோன்றும். மட்டை அடியில் சுழன்று போகும். ஸ்டிரைடரின் பலம் அது. நேர் எதிராக, டொரான்டோவின் ட்ரே யெசவேஜ் தலைக்கு மேலிருந்து, பேட்டர்கள் பார்த்துப் பழகாத உயரத்திலிருந்து விடுகிறார். கூடவே விழும் ஸ்ப்ளிட்டர். 2025ஐ அவர் டன்டீனில் சிங்கிள்-ஏயில் தொடங்கினார். அந்த ஆண்டு மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் ஒரு வாக்கும் தராமல் 12 பேரை ஸ்டிரைக்கவுட் செய்தார். தாழ்வோ உயரமோ, வழக்கத்திலிருந்து விலகியிருப்பதே சொத்து. நடுத்தரமான கோணம், 95 மைல் வேகம், நடுத்தரமான ஸ்லைடர்: இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

எதிர்க்கை பேட்டர்களுக்கு எதிரான எண்ணைத் தவறாமல் பாருங்கள். வலக்கை பிட்சர் இடக்கை பேட்டர்களிடம் அடிவாங்கினால், அவரிடம் வேகம் குறைந்த சேஞ்ச்அப்போ ஸ்ப்ளிட்டரோ இல்லை என்று பொருள். அது கற்றுத்தரக்கூடியது. வாக் விகிதம் 15 விழுக்காடு இருந்தால் அது பெரும்பாலும் கற்றுத்தர முடியாதது. அப்படிப்பட்டவர்கள் கடைசியில் ஓர் இன்னிங்ஸ் போடும் ரிலீவர்களாவார்கள்.

படி 7: யார் கையில் இருக்கிறார்?

ஒரே திறமை இரண்டு அணிகளில் இரண்டு விதமாக வளரும். கிளீவ்லேண்ட் நீண்டகாலமாகச் செய்துவரும் காரியம் ஒன்று: கட்டுப்பாடு மிகச் சிறப்பாக, வேகம் சுமாராக இருக்கும் கல்லூரிப் பிட்சரை எடுத்து வேகத்தைக் கூட்டுவது. 2016இல் நான்காம் சுற்றில் வந்த ஷேன் பீபர், 2017இல் மூன்று நிலைகளில் 173⅓ இன்னிங்ஸ் போட்டு வெறும் 10 வாக் தந்தார். 2020இல் சை யங் விருது. இதே வகை இளைஞர் கிளீவ்லேண்டின் ஹை-ஏ அணியில் இருந்தால் நான் மதிப்பெண் கூட்டுவேன். அப்படி யாரையும் வளர்த்துக்காட்டாத அணியில் இருந்தால் கூட்டமாட்டேன். ரெட் சாக்ஸ் அண்மை ஆண்டுகளில் மட்டை வேகத்தைக் கூட்டும் பயிற்சிக்கு முக்கியத்துவம் தருகிறது. கேம்ப்பெல் அங்கே எழுந்தது தற்செயலல்ல. ஓர் அணியில் மூன்று ஆண்டுகளில் எழுந்தவர்களுக்குப் பொதுவாக இருந்த குறை என்ன என்று எழுதிப் பாருங்கள். அதே குறை உள்ள அடுத்த பெயரை அந்த அணியின் கீழ்நிலைகளில் தேடுங்கள்.

அணிகளே தரும் துப்பு ஒன்று உண்டு: வர்த்தகம். நிபுணர்கள் முன்னமே பார்த்துவிட்டார்கள், நாம் அவர்கள் பேரம் பேசிய பெயரைப் படித்தால் போதும். 2016 ஜூனில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸைக் கொடுத்த சான் டியேகோ, சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து இன்னும் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாத ஃபெர்னாண்டோ டாட்டீஸ் ஜூனியரை வாங்கியது. அதே கோடையில் ஹியூஸ்டன், ஜாஷ் ஃபீல்ட்ஸ் என்ற ரிலீவரைக் கொடுத்து டாட்ஜர்ஸிடமிருந்து யோர்டான் ஆல்வரஸை வாங்கியது. இருவரும் பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரங்கள். 2021 நவம்பரில் டாம்பா பே, தன் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக் ஒப்பந்த வீரர்களின் பட்டியல்) இடமில்லாமல் டோபையஸ் மையர்ஸை கிளீவ்லேண்டுக்குக் கொடுத்து, டொமினிக்கன் லீக்கில் மட்டுமே ஆடியிருந்த 18 வயது ஜூனியர் கமினெரோவைக் கேட்டு வாங்கியது. 2023இல் அவர் இரண்டு நிலைகளில் 31 ஹோம் ரன் அடித்தார்.

அதனால் ஆண்டுதோறும் நவம்பர் மாத வர்த்தகங்களை விடாமல் படியுங்கள். ரூல் 5 டிராஃப்டுக்கு முன்பு அணிகள் 40 பேர் பட்டியலைச் சீர்செய்யும் வாரங்கள் அவை. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குமேலோ ஒப்பந்தமானவரை நான்கு சீசனுக்குள்ளும் அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். இடநெருக்கடியில் இருக்கும் கெட்டிக்கார அணி பதிலுக்குக் கேட்கும் பெயர் தெரியாத இளைஞர் யாரென்று பாருங்கள். செய்தியில் அவருக்கு அரை வரி இருக்கும்.

படி 8: கண்ணால் பாருங்கள், ஆனால் குறைவாக

இந்தக் கட்டத்தில் 5,000 பேர் 60, 70 ஆகியிருப்பார்கள். மைனர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலானவை இணையத்தில் கிடைக்கின்றன. ஹோம் ரன் தொகுப்புகளைப் பார்க்க வேண்டாம். அதில் எல்லோரும் அழகாகத் தெரிவார்கள். ஒரு பேட்டர் ஸ்டிரைக்கவுட் ஆன காட்சிகளைப் பாருங்கள். நல்ல ஸ்லைடருக்குத் தவறினாரா, நடுவில் வந்த ஃபாஸ்ட்பாலுக்கே தாமதமானாரா? முதலாவதை மன்னிக்கலாம். இரண்டாவது மேல்நிலைக்குப் போகப்போகப் பெரிதாகும். பிட்சருக்கு, ஐந்தாம் இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஸ்கவுட்களின் (திறமை தேடுபவர்களின்) 20–80 அளவுகோல் மதிப்பெண்களையும் படியுங்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. இன்றைய மதிப்பெண்ணுக்கும் வருங்கால மதிப்பெண்ணுக்கும் இடையே பலத்தில் 20 புள்ளி இடைவெளி, தொடுதலில் சிறிய இடைவெளி என்றால் நம் ஆள். தலைகீழாக இருந்தால் விலகுங்கள்.

அக்டோபரில் நடக்கும் அரிசோனா ஃபால் லீக்கைப் பார்ப்பது இனிமையான பொழுது. ஆனால் அங்கே பிட்சர்கள் களைத்தவர்கள், பலர் காயத்திலிருந்து திரும்புபவர்கள். பேட்டர்களின் எண்களை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை.

படி 9: பட்டியல், வாய்ப்பு விழுக்காடு, தேதி

கடைசி 20 பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம்: இப்போதே இருக்கும் கடினமான திறமை எது, வர வேண்டிய எளிய திறமை எது, அது வருவதாக நம்ப என்ன காரணம். மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடியாத பெயரை அடித்துவிடுங்கள். பிறகு வாய்ப்பு விழுக்காடு போடுங்கள். யாருக்கும் 40க்குமேல் போடாதீர்கள்; பெரும்பாலோருக்கு 10, 15 போதும். 20 பெயரில் நாலு பேர் எழுந்தால் அது மிக நல்ல ஆண்டு.

பேட்டர்களும் பிட்சர்களும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கட்டும். முழங்கை எப்போது போகும் என்று எந்தச் சல்லடையும் சொல்லாது. கேட்சர்களை நான் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவர்கள் தாமதமாக வளர்கிறார்கள், அடிபட்டுக்கொண்டே ஆடுகிறார்கள். முதல் தளத்தில் மட்டும் நிற்கத் தெரிந்தவரையும் தவிர்க்கலாம். அவர் எவ்வளவு அடித்தாலும் பட்டியல்காரர்களுக்குப் போதாது.

நாட்காட்டியும் முக்கியம். 2024 முதல் காம்ப்ளெக்ஸ் லீக்குகள் ஜூலையிலேயே முடிந்துவிடுகின்றன. அங்கே அசத்திய 18 வயதுப் பையன்களை அணிகள் ஆகஸ்டில் சிங்கிள்-ஏவுக்கு அனுப்புகின்றன. அவர்களுக்குக் கிடைப்பது 100 வாய்ப்புகள்கூட இராது, சராசரி .210 என்று இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஸ்டிரைக்கவுட் விகிதத்தை எடைபோட 60 வாய்ப்பு போதும் என்று மேலே பார்த்தோம். என் பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் பாதிப்பேர் இந்த ஆகஸ்ட் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள்.

ஜனவரியில் பட்டியலைப் பூட்டுங்கள். மார்ச்சில் இளம் வீரர்களுக்கென்றே நடக்கும் ஸ்பிரிங் பிரேக்அவுட் ஆட்டங்களில் ஒரே ஒரு விஷயத்துக்காக மட்டும் திறக்கலாம்: பிட்சரின் வேகம் இரண்டு மைல் கூடியிருந்தாலோ, பேட்டரின் உடல் மாறியிருந்தாலோ விழுக்காட்டை மாற்றுங்கள். ஏப்ரல் முதல் மூன்று வாரம் எதையும் தொடாதீர்கள். மே நடுவில் ஸ்டிரைக்கவுட் விகிதம் நிலைபெற்றிருக்கும். அப்போது, முந்தைய ஆண்டைவிட ஐந்து விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருப்பவர்கள் யார், அவர்களில் உங்கள் பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்று பாருங்கள். அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, அவர்களைப் போன ஜனவரியில் எந்தப் படியில் தவறவிட்டீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.